முதல் வலியின் வயது: சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் ஒரு மருத்துவக் கேள்வியின் வரலாறு

கொத்துத் தலைவலி என்பது முகத்தின் ஒரே பக்கத்தில், கண்ணைச் சுற்றியோ புருவத்துக்கு மேலோ பொட்டிலோ எழுந்து, மருந்து கொடாவிடில் 15 நிமிடம் முதல் 3 மணி நேரம் வரை நீடிக்கும் கடும் வலியாகும். வலிக்கும் பக்கத்துக் கண் சிவந்து நீர் வடியும்; மூக்கு அடைத்துக்கொள்ளும்; இமை தளரும்; நோயாளி படுக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் அறைக்குள் நடந்துகொண்டே இருப்பார். இத்தாக்குதல்கள் இரண்டு நாளைக்கு ஒருமுறை முதல் ஒரே நாளில் எட்டு முறை வரை, பெரும்பாலும் நாள்தோறும் அதே வேளையில், சில வாரங்களோ மாதங்களோ கொத்தாக வந்துவிட்டுப் பிறகு மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், முற்றிலும் மறைந்துபோவதால் இந்நோய் இப்பெயர் பெற்றது. அவ்வாறு விட்டுவிட்டு வருவதை இடைவிட்ட வகை என்றும், ஓராண்டோ அதற்கு மேலோ மூன்று மாத ஓய்வுகூட இன்றித் தொடர்வதை நாட்பட்ட வகை என்றும் மருத்துவர்கள் பிரிக்கின்றனர். வாழ்நாளில் இந்நோயைக் காண்பவர் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவர் என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் கணக்கிட்டுள்ளனர்.

இந்நோய் பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்கும் என்றும், ஆண்களைப் பெண்களைவிட மும்மடங்கு அதிகம் தாக்கும் என்றும் அனைத்துலகத் தலைவலி வகைப்பாடு கூறுகிறது. ஆயினும் பள்ளிச் சிறுவரிடமும் முதல் தாக்குதல் கண்டதுண்டு; அறுபதைக் கடந்தவரிடமும் கண்டதுண்டு. இந்த வேறுபாடு நோயின் இயல்பை மட்டும் காட்டுவதன்று. தொடங்கிய வயது என்னும் ஓர் எண் ஏட்டில் ஏற வேண்டுமானால், நோயாளிக்குத் தம் வயது தெரிந்திருக்க வேண்டும். முதல் வலி நினைவில் இருக்க வேண்டும். அவ்வலியை மற்றத் தலைவலிகளிலிருந்து பிரித்துக் காட்டும் பெயர் ஒன்று வழக்கில் இருக்க வேண்டும். அதைப் பற்றிக் கேட்பதற்கு ஒருவர் எதிரே இருக்க வேண்டும். இந்த நான்கும் சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் வெவ்வேறு காலங்களில் வந்துசேர்ந்தன. அவை வந்துசேர்ந்த விதத்தை அறியாமல் அந்த எண்ணை நம்புவதும் கடினம், ஒதுக்குவதும் தவறு.

தொண்டை மண்டலத்தின் வட விளிம்பான இந்நிலப்பகுதி நெடுங்காலமாகத் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்கும் இடமாகும். ஆங்கிலேயர் ஆட்சியில் சித்தூர் நகரம் வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது. 1911 ஏப்ரல் 1 அன்று வட ஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் பிரித்தெடுத்த பகுதிகளைக் கொண்டு சித்தூர் மாவட்டம் உருவாக்கப்பட்டது. 1960 ஏப்ரல் 1 அன்று எல்லைத் தகராற்றில் நடுவராக இருந்த படாஸ்கரின் பரிந்துரையின்படி திருத்தணி சென்னை மாநிலத்துடன் சேர்ந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் மாறியபோதும் நோயாளிகள் நடந்த வழி மாறவில்லை. சித்தூரார் வேலூருக்கும் சென்னைக்கும், மலையடிவாரத்தார் திருப்பதிக்கும் சென்று மருத்துவம் பார்த்துக்கொள்ள, பாதித் தலையைப் பற்றும் வலியைத் தமிழர் ஒற்றைத் தலைவலி என்றும், தெலுங்கர் பக்கம் என்னும் பொருள்பட பார்ஸ்வபு நொப்பி என்றும் கூறி வந்தனர். இவ்விரு பெயர்களும் வலிக்கும் இடத்தைச் சொல்கின்றனவேயன்றி, அது வரும் வேளையையோ முதலில் வந்த வயதையோ சொல்வதில்லை; ஆதலால் பன்னிரண்டு வயதில் தொடங்கிய வாந்தியுடன் கூடிய மைக்ரேனும், முப்பது வயதில் தொடங்கிய கொத்துத் தலைவலியும் ஒரே பெயருக்குள் அடங்கின.

வேளையைக் கவனித்தவர்கள் பழைய ஆயுர்வேத ஆசிரியர்கள் ஆவர். சுசுருத சங்கிதையின் பிற்பகுதியான உத்தரதந்திரம் தலைநோய்களைப் பதினொன்றாக வகுத்து, அவற்றுள் ஒன்றைச் சூரியாவர்த்தம் என்று பெயரிடுகிறது. கண்ணையும் புருவத்தையும் பற்றி, ஞாயிறு எழும்போது மெல்லத் தொடங்கி, அது உச்சிக்கு ஏற ஏற வளர்ந்து, சாயச் சாயத் தணியும் வலி அது. பாதித் தலையைப் பற்றும் அர்த்தாவபேதகம் பத்து நாளுக்கோ பதினைந்து நாளுக்கோ ஒருமுறை திரும்பும் என்றும் அந்நூல் குறிக்கிறது. இவற்றுள் எதையும் இன்றைய கொத்துத் தலைவலியோடு அப்படியே ஒன்றாக்கிவிட முடியாது. கொத்துத் தலைவலி உறக்கத்தினிடையே நள்ளிரவில் எழுப்பிவிடுவது மிகுதி, சூரியாவர்த்தமோ பகலுக்கு உரியது. எனினும் தலைவலிக்கு ஒரு நாட்கணக்கும் பொழுதுக்கணக்கும் உண்டு என்பதை அவர்கள் நோயின் அடையாளமாகவே எழுதிவைத்தனர் என்பது சிறிய செய்தியன்று. கொத்துத் தலைவலியின் பொழுதுக்கணக்குக்கு இன்றைய ஆய்வும் சான்று தருகிறது: 1998-ல் லண்டனில் ஆர்னே மே, பீட்டர் கோட்ஸ்பி ஆகியோர் தாக்குதலின்போதே மூளையைப் படமெடுத்து, உடலின் பொழுதுக்கடிகாரத்தை உள்ளடக்கிய ஹைப்போதாலமஸ் என்னும் பகுதி அப்போது கிளர்ந்தெழுவதைக் காட்டினர். ஆனால் பழைய ஆயுர்வேத நூல்கள் பொழுதை நோக்கியதுபோல் தொடங்கும் பருவத்தை நோக்கவில்லை. வாதம், பித்தம், கபம் ஆகியவற்றின் ஏற்றத்தாழ்வே அவற்றின் முதன்மைக் கேள்வியாக இருந்தது.

நோயாளியைத் தனியொருவராக ஏட்டில் பதியும் வழக்கமும் அக்காலத்துக்கு உரியதன்று. தொண்டை நாட்டுத் திருமுக்கூடலில் வேங்கடேசப் பெருமாள் கோயிலில் உள்ள வீரராஜேந்திர சோழனின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, அங்கிருந்த வீரசோழன் என்னும் ஆதுலர் சாலை, அதாவது நோயாளர் தங்கும் மருத்துவமனை, 15 படுக்கைகள் கொண்டிருந்ததையும், மருத்துவனுக்கும் சல்லியக்கிரியை என்னும் அறுவை மருத்துவம் செய்வோனுக்கும் பணிப்பெண்களுக்கும் அளக்க வேண்டிய நெல்லையும், சேமித்து வைக்க வேண்டிய மருந்துகளையும் விரிவாகக் கூறுகிறது. படுக்கையின் எண்ணிக்கையும் நெல்லின் அளவும் கல்லில் நின்றன. அப்படுக்கைகளில் படுத்திருந்தவர்களின் வயதும் வலியும் நிற்கவில்லை. வீட்டு மருத்துவத்திலோ சுக்கை உரைத்துப் பற்றுப் போடுவதும், நொச்சி இலை ஆவி பிடிப்பதும், மூக்கில் மருந்து விடும் நசியமும் கைமுறையாகத் தலைமுறைகளைக் கடந்து வந்தன. கண்ணீரும் மூக்கடைப்பும் சேர்ந்து வந்த வலியைப் பீனிசம் என்னும் மூக்குநோயாகக் கொள்வதும் இயல்பாயிற்று. இன்றும் இந்நோயாளிகள் பலர் மூக்கு மருத்துவரையும் கண் மருத்துவரையும் பல் மருத்துவரையும் கண்ட பிறகே நரம்பியல் மருத்துவரை அடைகின்றனர் என்பது உலகெங்கும் பதிவான உண்மையாகும்.

வயது என்பதே எண்ணாக இல்லாத காலம் ஒன்று இவ்வட்டாரத்தில் அண்மை வரை இருந்தது. பிறந்த நாழிகையைக் குறித்துச் சாதகம் கணித்த குடும்பங்கள் சிலவே. ஏனையோர் வயதை நிகழ்ச்சியால் அளந்தனர். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பெரும் பஞ்சம் வட ஆர்க்காட்டையும் வாட்டியது. அது தமிழ் ஆண்டுப் பெயரால் தாது வருடப் பஞ்சம் எனப்பட்டு, அதற்கு முன் பிறந்தவர், பின் பிறந்தவர் என மக்களைப் பிரிக்கும் கல்லாக நின்றது. அறுபது ஆண்டுகளின் சுழற்சியில் ஒரு பெயரைச் சொன்னால் போதும், கேட்பவர் கணக்கிட்டுக்கொள்வார். பிறப்பு, இறப்புப் பதிவுக்கான சென்னை மாகாணச் சட்டம் 1899-லும், நாடு முழுமைக்குமான சட்டம் 1969-லும் வந்தன. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அட்டவணைகளிலோ 20, 25, 30, 40 என்னும் வயதுகளில் மக்கள் குவிந்தும், 29, 31 ஆகியவற்றில் அருகியும் காணப்பட்டனர். முழு எண்ணில் வயது சொல்லும் இவ்வழக்கத்தை மக்கள்தொகை அறிஞர்கள் வயதுக் குவிதல் என்றழைத்து, அதைச் சமன்செய்யத் தனிக் கணக்கு முறைகளை வகுத்தனர். முப்பதில் தொடங்கியது என்று ஒருவர் சொல்லும்போது அது இருபத்தேழாகவும் இருக்கலாம், முப்பத்துமூன்றாகவும் இருக்கலாம் என்பதை மருத்துவ ஆய்வாளர் மறக்கலாகாது.

ஐரோப்பாவிலும் நிலைமை வேறாக இருக்கவில்லை. ஆம்ஸ்டர்டாம் மருத்துவர் நிக்கோலாஸ் டுல்ப் 1641-ல் வெளியிட்ட நூலில், நாள்தோறும் குறித்த வேளையில் வந்து இரண்டு மணி நேரத்தில் நீங்கிய தலைவலி ஒன்றை விவரித்தார். வியன்னாவின் ஜெரார்ட் வான் ஸ்வீட்டன் 1745-ல் எழுதிய விவரிப்போ இன்றைய மருத்துவர் எவரும் உடனே அடையாளம் காணத்தக்கது: இடக் கண்ணின் மேல் ஒரே இடத்தில், ஒரே வேளையில் வலி, கண் சிவந்து நீர் பெருகும், பிறகு எல்லாம் மறையும். அந்நோயாளியின் வயதை மட்டும் அவர் நடுவயது என்ற சொல்லோடு விட்டுவிட்டார். அதன்பின் இந்நோய் மருத்துவர்தோறும் ஒரு பெயர் பெற்று ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் சிதறிக் கிடந்தது. 1926-ல் லண்டனின் வில்பிரட் ஹாரிஸ் அதை மைக்ரேன் சார்ந்த நரம்புவலி என்றார். 1939-ல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த பேயார்ட் ஹார்ட்டன் அதைத் தனி நோயாக முன்வைத்து, ஹிஸ்டமின் என்னும் உடற்பொருளே அதன் காரணம் என்று கருதினார். 1952-ல் சார்லஸ் குங்கிளும் உடனுழைத்தவர்களும் தாக்குதல்கள் கொத்தாக வருவதை முதன்மைப்படுத்திய பிறகே இன்றைய பெயர் நிலைத்தது.

ஹார்ட்டனின் பெயரோடு இணைந்த மற்றொரு நோய், தொடங்கும் வயதின் பயனைத் தெளிவாக உணர்த்துகிறது. அவர் 1932-ல் பொட்டுத் தமனி அழற்சியையும் விவரித்தார். பொட்டில் ஓடும் இரத்தக் குழாய் வீங்கி, தலைவலியோடு பார்வையையும் பறிக்கக்கூடிய அந்நோய் ஐரோப்பாவில் இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. இரண்டும் பொட்டிலும் கண்ணோரத்திலும் வலிக்கும் நோய்கள். ஆனால் தமனி அழற்சி ஏறத்தாழ முழுமையாக ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கே வருவது. ஆகவே அறுபத்தைந்து வயதில் முதன்முதலாகப் பொட்டில் வலி கண்ட ஒருவரிடம் வயதைக் கேட்டறிவது வெறும் பதிவுச் சடங்கன்று, கண்பார்வையைக் காக்கும் செயலாகும். அவ்வாறே மிக இளமையிலோ மிக முதுமையிலோ கொத்துத் தலைவலியின் குறிகள் தோன்றினால், பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி, கழுத்துத் தமனியில் கிழிசல் போன்ற மூலகாரணம் உண்டா என்று மூளைப் படம் எடுத்துப் பார்ப்பது முறையாகிவிட்டது.

வயதை ஒழுங்காகக் கேட்டுப் பதியத் தொடங்கியதும், ஒரே மாதிரியாகத் தோன்றிய நோய் பலவாகப் பிரிந்தது. சுவீடன் நாட்டின் கார்ல் எக்போம் தம் குழுவினருடன் 1963 முதல் 1997 வரை கண்ட 554 நோயாளிகளின் விவரங்களை 2002-ல் வெளியிட்டார். நாட்பட்ட வகைக்கு ஆளான பெண்களிடம் தொடங்கிய வயது எந்த உச்சமும் இன்றி 10 முதல் 69 வரை ஏறத்தாழச் சமமாகப் பரவியிருந்தது. இடைவிட்ட வகையுடைய பெண்களிடம் ஐம்பதுகளில் இரண்டாவது எழுச்சி ஒன்று காணப்பட்டது. மாதவிடாய் நிற்கும் பருவத்தை ஒட்டிய அந்த எழுச்சி, இது இளைஞருக்கு உரிய ஆண்நோய் என்ற கருத்தைப் பெரிதும் தளர்த்தியது. இத்தாலியின் பார்மா நகரத்து ஜியான் காமிலோ மன்சோனி 1998-ல் காட்டிய மாற்றம் இன்னும் கூர்மையானது: 1960-க்கு முன் நோய் தொடங்கியவர்களில் ஒரு பெண்ணுக்கு 6.2 ஆண்கள் என்றிருந்த விகிதம், 1990-க்குப் பின் தொடங்கியவர்களில் 2.1 ஆண்கள் என்று இறங்கியது. பெண்களின் வாழ்முறையும் புகைபிடிக்கும் வழக்கமும் மாறியதை அவர் ஒரு காரணமாகக் கருதினார். முன்பு பெண்களின் வலியை மைக்ரேன் என்றே மருத்துவர்கள் எழுதிவந்தது மற்றொரு காரணமாகப் பிறரால் சுட்டப்பட்டது. ஆணின் நோய் என்று பாடநூல் சொன்னதனால் பெண்ணிடம் அதைத் தேடவில்லை. தேடாததனால் பெண்ணிடம் அது இல்லை என்று எண்ணிக்கை காட்டியது.

கேள்வியைக் கேட்கும் மருத்துவர் இவ்வட்டாரத்துக்கு வந்த பாதை வேலூர் வழியாகச் சென்றது. 1900-ல் ஐடா ஸ்கடர் ஒரே படுக்கையோடு தொடங்கிய மருத்துவப்பணி கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்த பின், மொன்றியாலில் வைல்டர் பென்பீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி 1949-ல் அங்கே நரம்பியல் துறையைத் தொடங்கினார். நாட்டின் முதல் நரம்பியல் துறைகளுள் முதன்மையான அது சித்தூருக்கு அருகிலேயே இருந்தது. 1951-ல் சாண்டி, பால்தேவ் சிங், சென்னையின் பா. ராமமூர்த்தி, எஸ். டி. நரசிம்மன் ஆகிய நால்வரும் இந்திய நரம்பியல் கழகத்தை நிறுவினர். திருப்பதியில் 1954-ல் வேங்கடேசுவரப் பல்கலைக்கழகமும், 1960-ல் வேங்கடேசுவர மருத்துவக் கல்லூரியும், 1983-ல் தேவஸ்தானத்தின் ஆயுர்வேதக் கல்லூரியும் தோன்றின. 1986-ல் அடிக்கல் நாட்டப்பட்டு 1993-ல் செயல்படத் தொடங்கிய வேங்கடேசுவர மருத்துவ அறிவியல் நிறுவனம், சுருக்கமாக ஸ்விம்ஸ், 1995-ல் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. நரம்பியல் மருத்துவரான பி. வெங்கம்மா பின்னர் அதன் இயக்குநராகப் பணியாற்றினார். சூரியாவர்த்தம் கற்பிக்கும் வகுப்பும் ஹைப்போதாலமஸ் கற்பிக்கும் வகுப்பும் ஒரே நகரில் அமைந்தன.

மருத்துவமனைக்கு வராதவர்களின் நிலையை மக்களிடையே செய்யும் ஆய்வுதான் காட்டும். அத்தகையது இவ்வட்டாரத்துக்கு அருகே, பெங்களூரிலும் அதைச் சூழ்ந்த கிராமங்களிலும் நடந்தது. கோ. குருராஜ் முதலியோர் 2,329 பேரை வீடுதேடிக் கண்டு, ஓராண்டில் அவர்களுள் 63.9 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு தலைவலியால் துன்புற்றதைப் பதிந்தனர். அவ்வாய்வு 18 முதல் 65 வயதுவரை உள்ளோரையே கண்டது; அதன் நோக்கத்துக்கு அவ்வரம்பு பொருத்தமானதே. ஆனால் தொடங்கும் வயதை ஆராய்வோர்க்கு அவ்வரம்பின் இரு புறமும், அதாவது பள்ளிப் பிள்ளைகளும் முதியோரும், தனியே தேட வேண்டியவர்களாக எஞ்சுகின்றனர்.

வயதை அளவுக்கு மீறி நம்புவதும் தவறாகும் என்பதற்கு இம்மண்ணோடு தொடர்புடைய புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. அன்று கடப்பை மாவட்டத்திலிருந்து பின்னர் சித்தூர் மாவட்டத்தோடு சேர்க்கப்பட்ட மதனப்பள்ளியில் 1895-ல் பிறந்த சிந்தனையாளர் ஜே. கிருஷ்ணமூர்த்திக்கு, 1922 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் ஓஹாய் பள்ளத்தாக்கில், தம் 27ஆம் வயதில், பிடரியிலும் தலையிலும் முதுகெலும்பிலும் கடும் வலி தோன்றியது. அது பின்னர் ஆண்டுகள் பலவற்றில் மீண்டும் மீண்டும் வந்ததை 1975-ல் மேரி லட்யன்ஸ் எழுதிய வாழ்க்கை வரலாறு விரிவாகக் கூறுகிறது. இருபத்தேழு வயது, வேளை தவறாத வலி, தொடராக வந்து ஓய்தல் ஆகியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டால் கொத்துத் தலைவலி என்று சொல்லத் தோன்றும். ஆனால் வலி கண்ணோரத்தில் இல்லாமல் பிடரியிலும் முதுகெலும்பிலும் இருந்தது. அவர் விழிப்போடு உலவவில்லை, அரை நினைவில் பேசிக்கொண்டிருந்தார். அவரும் உடனிருந்தோரும் அதை ஓர் ஆன்மிக மாற்றமாகவே கண்டனர். எனவே மறைந்தவருக்கு நோய்ப்பெயர் சூட்டுவது வரலாற்றாசிரியரின் வேலையன்று. வயது வாயிலைத் திறக்கலாம். வலியின் இடமும் கண்ணின் சிவப்பும் நடையின் தவிப்புமே நோயை உறுதிசெய்யும்.

இன்று இந்நோய்க்கு மருந்தில்லாமல் இல்லை. தாக்குதலின்போது முகமூடி வழியாக நிமிடத்துக்கு 12 லிட்டர் அளவில் தூய ஆக்சிஜனைச் சுவாசிக்கச் செய்தால் பலருக்குக் கால் மணி நேரத்தில் வலி அடங்குகிறது. சுமாட்ரிப்டான் ஊசி அதனினும் விரைவாக வேலை செய்கிறது. வெராபமில் மாத்திரை தாக்குதல்கள் வராமல் தடுக்க உதவுகிறது. இவை பயன்பட வேண்டுமானால் நோய் முதலில் அடையாளம் காணப்பட வேண்டும். அடையாளம் காண்பதற்கோ, முதல் வலி எப்போது வந்தது என்ற கேள்விக்கு நம்பத்தக்க விடை வேண்டும். எந்த வயதில் என்று நேரே கேட்டால் முப்பதோ நாற்பதோ விடையாக வரும். மணமாவதற்கு முன்பா பின்பா, மூத்த பிள்ளை பிறந்த ஆண்டிலா, பத்தாம் வகுப்புத் தேர்வின்போதா, திருப்பதியில் தாத்தையகுண்டா கங்கம்மா ஜாதரை நடக்கும் கோடை வெயிலிலா, திருமலையில் பிரம்மோற்சவம் முடிந்த புரட்டாசிக்குப் பிறகா என்று கேட்டால், ஆண்டும் பருவமும் சேர்ந்தே கிடைக்கும்; கொத்து எந்தப் பருவத்தில் திரும்புகிறது என்பதும் அதனுள் தெரியவரும். தாது வருடத்தைக் கொண்டு வயதைச் சொன்ன மூதாட்டியின் முறையைக் கணக்கெடுப்பாளர் குறையாகக் கருதித் திருத்த முயன்றனர். வலி தொடங்கிய நாளை நினைவின் ஆழத்திலிருந்து மீட்க, இந்நிலத்து மருத்துவர் கையில் அதைவிடச் செம்மையான கருவி இல்லை.